காத்துப் புடிச்ச கோப்பி மெஷின்

“கொர்ர்ர்ர்ர்” என்றது மெஷின். சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை.

றாஸிக் பொத்தானை அணைத்தான். பத்து வரை எண்ணினான். மறுபடி அழுத்தினான். முன்னைவிடக் கொஞ்சம் கோபமாக “கொர்ர்ர்ர்ர்” என்றது. கீழே வைத்திருந்த சின்னக் கோப்பையில் ஒரு சொட்டு விழுந்தது. அதுவும் நேற்றைய சொட்டு.

“இஞ்சருங்க, என்ன சத்தம் அது? பக்கத்து வீட்டாக்கள் மதிலால எட்டிப் பாக்குறாங்க” என்று குசினி வாசலில் வந்து நின்றாள் அவன் மனைவி சஹ்லா.

“பம்ப் தண்ணி இழுக்குதில்ல புள்ள.”

“இண்டைக்கா?”

“ஓம். பாத்து இண்டைக்குத்தான்.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாமாவும் மாமியும் மக்காவுக்கு உம்றா யாத்திரை போய் வந்து பதினைந்து நாளாகியும் பார்க்க வருகிற கூட்டம் ஓய்ந்தபாடில்லை. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாமாவின் ராத்தா, மூத்த சகோதரி சபியா உம்மா வருகிறார். மூத்த மருமகன் ஹாதிக்கும் குடும்பத்தோடு வருகிறான். மாமா பக்கீர் முகைதீன் சும்மா இருந்திருக்கலாம். அவர் எல்லாருக்கும் தானே ஃபோன் போட்டு, “எங்கட சின்ன மருமகன் மெஷின்ல கோப்பி போட்டுத் தருவார், வந்து குடிச்சிப் பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

றாஸிக் பதறியதற்குக் காரணம் இருந்தது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். வளவும் கிணறும் அதோடு சேர்ந்து வரும். றாஸிக் ஏழு மாதத்துக்கு முன் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஒரு சூட்கேசும் இந்த மெஷினுமாக வந்து இறங்கியவன். படுக்கிற கட்டில் அவர்கள் தந்தது. தலைக்கு மேல் சுற்றுகிற விசிறி அவர்கள் தந்தது. தேத்தண்ணீர் கலக்குகிற கரண்டிகூட மாமியின் கரண்டி. முன் கேற்றும் மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கியும் உம்றாவை முன்னிட்டுச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்றும் ஹாதிக்கின் கைங்கரியம். அவனுக்குக் கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை.

றாஸிக் தன்னுடையது என்று கையை வைத்துச் சொல்லக்கூடிய ஒரே பொருள் இந்தக் கோப்பி மெஷின்தான். டோஹாவில் ஒரு ஹோட்டலில் நாலு வருடம் கோப்பி போட்டவன், வரும்போது ஆசைப்பட்டு வாங்கி வந்தது. அது ஓடினால் அவன் மருமகன். ஓடாவிட்டால் விருந்தாளி. அதுவும் ஏழு மாதமாகியும் புறப்படாத விருந்தாளி.

சத்தம் கேட்டு மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கதிரையை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் நாவிதன்வெளி வயலில் தண்ணீர் பம்போடு மல்லுக்கட்டின மனுசன். பம்ப் என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழும்புவார்.

“இன்னொருக்காப் போடுங்க மருமகன்.”

றாஸிக் போட்டான். “கொர்ர்ர்ர்ர்.”

மாமா கண்ணை மூடிக் கேட்டார். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போல் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொன்னார்.

“காத்துப் புடிச்சிரிக்கி.”

“இல்ல மாமா. இது வயல் பம்ப் இல்ல. இத்தாலிப் பம்ப்.”

“இத்தாலியில காத்தில்லையா மருமகன்?”

பதில் வராத இடத்தில் மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். றாஸிக் மூடவில்லை.

“காத்துமில்ல ஒண்டுமில்ல மாமா. தண்ணிதான் காரணம். இந்தக் கிணத்துத் தண்ணி சரியான சவர். உப்புக் கல்லுப் புடிச்சிப் பம்ப் அடைச்சிட்டு. எங்கட மருதமுனை வீட்டுத் தண்ணியெண்டா இப்பிடி வராது.”

குசினிக்கும் உள் அறைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை தொங்குகிறது. அது அசைந்தது. காற்றில்லாத நேரத்தில் அசைந்தது.

திரைக்குப் பின்னால் மாமி ஸுல்பிகா. மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். கலியாணம் முடிந்த நாளிலிருந்து றாஸிக்கோடு ஒரு சொல் கதைத்ததில்லை. அவன் சாப்பிடுகிற இறைச்சித் துண்டைக்கூட அவரே பார்த்துப் பொறுக்கி வைப்பார். ஆனால் “இன்னும் கொஞ்சம் போடவா” என்று கேட்பதற்குச் சஹ்லா வந்தாக வேண்டும். அந்தக் கிணறு மாமிக்கு அவருடைய உம்மா தந்தது. உம்மாவுக்கு அவருடைய உம்மா தந்தது. பைப் தண்ணீர் வீதி வரைக்கும் வந்து நாலு வருடமாகியும் மாமி அதை வாசலுக்குள் விடவில்லை.

“சஹ்லா” என்றது திரை. “அவரிட்டச் சொல்லு. இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சித்தான் எங்கட உம்மா தொண்ணூறு வயசிலயும் கண்ணாடி போடாம குர்ஆன் ஓதினவ.”

திரைக்கும் றாஸிக்குக்கும் இடையில் நாலு முழத் தூரம். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. சஹ்லா புருசன் பக்கம் திரும்பினாள்.

“உம்மா சொல்றா, இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சித்தான்...”

“கேட்டிச்சி” என்றான் றாஸிக் மெதுவாக.

“நான் அப்பவே சொல்லிட்டன். காத்து” என்றார் மாமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இனிப் பின்வாங்க முடியாது. கிணற்றைக் குற்றம் சொல்லியாகிவிட்டது. குற்றத்தை நிரூபித்தால்தான் மானம் தப்பும். உப்பைக் கரைக்க எலுமிச்சைப் புளி வேண்டும். குசினி மூலையில் ஒரு கூடை தேசிக்காய் இருந்தது.

“அது உம்மா ஊறுகாய் போட வாங்கினது” என்றாள் சஹ்லா.

“ஒரு பத்துப் போதும் புள்ள.”

பத்துப் போதவில்லை. கூடை காலியாயிற்று. பிழிந்த சாற்றைத் தண்ணீரோடு கலந்து மெஷினின் தாங்கியில் ஊற்றி, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

இந்த முறை “கொர்ர்” இல்லை. நுளம்பு காதுக்குள் போனது மாதிரி “ஙீ” என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் இருந்த சின்ன வலை முழுக்கத் தேசிக்காய்ச் சதை. நாலு வருடம் டோஹாவில் கோப்பி வடித்தவன் தேசிக்காய்ச் சாற்றை வடிக்க மறந்துவிட்டான்.

“முந்தி காத்து மட்டும்தான் இருந்திச்சி” என்றார் மாமா. “இப்ப ஊறுகாயும் சேந்திட்டு.”

றாஸிக் ஒரு ஊசியை எடுத்து வலையைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தான். பொறுமையாகத்தான் செய்தான். கடைசிக் குத்தில் வலைக்கு அடியில் இருந்த கடுகளவு ஸ்ப்ரிங் ஒன்று “டிங்” என்று துள்ளியது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, மத்தியானச் சோற்றுக்காகச் சுளகில் பரப்பியிருந்த அரிசிக்குள் விழுந்து மறைந்தது.

மூன்று சுண்டு அரிசி. எல்லாம் ஒரே நிறம். ஸ்ப்ரிங்கும் அதே நிறம்.

“சஹ்லா” என்றது திரை. “அவரிட்டச் சொல்லு. அரிசியில கல்லுப் பொறுக்கித்தான் எங்களுக்குப் பழக்கம். சாமான் பொறுக்கிப் பழக்கமில்ல.”

“உம்மா சொல்றா...”

“கேட்டிச்சி புள்ள, கேட்டிச்சி.”

திரைக்கு அடியால் ஒரு கை வந்து சுளகை உள்ளே இழுத்தது. சரக் சரக் என்று இரண்டு தரம் புடைக்கிற சத்தம். ஐந்து நிமிடத்தில் சஹ்லா ஒரு பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். அது விருந்தாளிகளுக்கு மட்டும் வெளியே எடுக்கிற தங்கக்கரைத் தட்டு. அதன் நடுவில், பெருநாள் பலகாரம் மாதிரி, அந்த ஸ்ப்ரிங் வீற்றிருந்தது.

றாஸிக்குக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுசியின் கிணற்றையா சவர் என்று சொன்னோம் என்று ஒரு கணம் வெட்கப்பட்டான். ஆனால் மெஷின் ஓடினால்தான் மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முகம் இருக்கும்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, மறுபடி மெஷின் முன்னால் வந்து நின்றான். ஃபோனில் தேடினான். இதே மாதிரி மெஷினை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் ஏதோ பாஷையில் கதைத்தான். பாதிப் பேச்சு வாயால், மீதி கையால். றாஸிக் வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தான். அந்தக் கை பக்கத்தில் இருந்த குமிழைப் பிடித்து இடப் பக்கம் திருகியது. பால் நுரைக்க நீராவி வருகிற குழாயின் குமிழ். கை திருகியது, வாய் சிரித்தது. அவ்வளவு லேசு.

றாஸிக்கும் திருகினான்.

காலையிலிருந்து உள்ளே கிடந்து காய்ந்த தேசிக்காய்த் தண்ணீரும் பழைய கோப்பி மண்டியும் ஒன்றாகச் சேர்ந்து “புஸ்ஸ்ஸ்” என்று கிளம்பின. றாஸிக் தலையைக் குனிந்துகொண்டான். சுவரால் குனிய முடியவில்லை. ஹாதிக் அடித்த வெள்ளைப் பெயின்றில், இடுப்பு உயரத்தில், இலங்கைப் படம் மாதிரி ஒரு மண்ணிறக் கறை இறங்கியது. யாழ்ப்பாணம்கூடத் தெளிவாக இருந்தது.

சஹ்லா துவாயை எடுத்துத் துடைத்தாள். கறை இந்தியா வரைக்கும் பரவியது.

“விடு புள்ள, தொடாத” என்று மாமா எழும்பிப் போனார். ஹோலில் மாட்டியிருந்த பள்ளிவாசல் கலண்டரையும் ஓர் ஆணியையும் கொண்டுவந்து கறைக்கு மேல் மாட்டினார். கலண்டர் இடுப்பு உயரத்தில் தொங்கியது. திகதி பார்க்க வேண்டுமானால் குந்த வேண்டும்.

“ஹாதிக் கேட்டா?” என்றான் றாஸிக்.

“சின்னப் புள்ளையளுக்கு மாட்டினது எண்டு சொல்லுவம்.”

“வீட்டில சின்னப் புள்ளை இல்லையே மாமா.”

“அது உங்கட குத்தம்” என்றார் மாமா. சஹ்லா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மூன்று மணியாயிற்று. கடைசி வழியாக றாஸிக் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினான். உள்ளே வயருக்கும் குழாய்க்கும் நடுவில், பெருவிரல் அளவில் ஒன்று இருந்தது.

“இதுவா பம்ப்?” என்று மாமா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஓர் இரக்கமும் வந்தது. “குஞ்சுப் பம்பல்லவா? பாவம்.”

றாஸிக் தாங்கியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி மாட்டினான். அழுத்தினான். பம்ப் துடித்தது, தண்ணீர் ஏறவில்லை. ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். அழுகை வருகிறதா என்று பார்க்கவும்தான் போனான். வரவில்லை. ஆனால் தூரத்தில் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது மாமா மெஷினுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். பம்புக்கு வருகிற மெல்லிய குழாயைக் கழற்றி வாயில் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் புளித்தது. ஒரு கண் மூடியது. குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, “வந்திட்டு, தண்ணி வந்திட்டு” என்று அதைப் பம்பில் சொருகினார்.

“மாமா! என்ன செய்றீங்க?”

“காத்து எடுத்தன். வயல்ல இப்பிடித்தான். குழாயில காத்து நிண்டா எந்த ராசா வந்தாலும் பம்ப் இழுக்காது.”

“அது தேசிக்காய்த் தண்ணி மாமா. வயித்துக்கு ஒண்டும் செய்யாட்டி நல்லது. எழும்புங்க, அஸருக்கு நேரமாகுது. நீங்க பள்ளிக்குப் போங்க, நான் பாத்துக்கிறன்.”

மாமா உதட்டைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். போகும்போதும் “காத்துத்தான்” என்று கேற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

றாஸிக் குழாய் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, பின்பக்கத்தை மூடினான். தாங்கிக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தான். அதே கிணற்றுத் தண்ணீர். உப்பைக் கரைத்துவிட்டு மறுபடி உப்பையே ஊற்றினால் எந்த மெஷின் ஓடும்? தன் மடத்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான். தண்ணீரைக் கொட்டினான். நல்ல தண்ணீர் வேண்டும். கடைக்கு ஓட நேரமில்லை. சஹ்லா குளித்துக்கொண்டிருந்தாள்.

மேசையைத் துடைக்கப் பழந்துணி தேடிப் பின் அறைக்குள் போனவன் கண்ணில் அது பட்டது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு வெள்ளைக் கேன். எழுத்து எதுவும் இல்லை. மூடி வரைக்கும் நிறைந்த தண்ணீர். ஐந்து லீற்றர் இருக்கும்.

றாஸிக்குக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றைப் பற்றி அவ்வளவு கதைத்த மாமி, வருகிற விருந்தாளிகளுக்கு மட்டும் கடைத் தண்ணீரை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்! யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பெருந்தன்மையாக முடிவு செய்துகொண்டு கேனைத் தூக்கி வந்தான்.

தாங்கியில் ஊற்றினான். பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினான்.

“கொர்ர்ர்” என்றது. பிறகு குரல் தாழ்ந்தது. பிறகு “டுர்ர்ர்” என்று ஒரு பூனை மாதிரிச் சத்தம். பளபளவென்று தண்ணீர் வந்தது.

றாஸிக்குக்கு மெஷினைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. சூடாக இருந்ததால் விட்டுவிட்டான். புளிப்புப் போக வேண்டுமே என்று ஒரு தாங்கி, இரண்டு தாங்கி, மூன்று தாங்கி தண்ணீரை உள்ளால் ஓடவிட்டுக் கழுவுதொட்டியில் கொட்டினான். மூன்றாவதில் புளிப்பு இல்லை. மிச்சத் தண்ணீரைக் கோப்பிக்கு வைத்தான். பிறகு ஆறுதலாகப் போய் அஸர் தொழுது, ஸலாம் கொடுத்ததும் இரண்டு கையையும் ஏந்தி நன்றி சொன்னான்.

நாலரைக்கு ஹோல் நிறைந்தது. சபியா உம்மா மெத்தைக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஹாதிக் தான் அடித்த பெயின்றைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே குசினி வரைக்கும் வந்தான்.

“என்ன சகலன், கலண்டர் கால்மாட்டுல தொங்குது?”

“அது மாமாட ஏற்பாடு.”

ஹாதிக் குந்தித் திகதி பார்த்துவிட்டு எழும்பினான். மாமாவின் ஏற்பாட்டை இந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சின்னக் கோப்பைகள் வரிசையாக நிறைந்தன. மேலே பொன்னிற நுரை. சஹ்லா தட்டில் வைத்து எடுத்துப் போனாள். றாஸிக் கதவோரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். டோஹாவில் எத்தனையோ பெரிய மனிதர்களுக்குக் கோப்பி போட்டிருக்கிறான். ஒருவர் முகத்தையும் இப்படிப் பார்த்ததில்லை.

சபியா உம்மா ஒரு மிடறு குடித்தார். கண்ணை இறுக்கினார். இன்னொரு மிடறு குடித்தார்.

“மருந்து மாதிரிக் கைக்குது. ஆனா வாய் இன்னும் கேக்குது. மாஷா அல்லாஹ்.”

“சகலன், இது கடையில வெச்சா விக்கும்” என்றான் ஹாதிக். யாரையும் லேசில் புகழாதவன்.

மாமா கோப்பையை உயர்த்திக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். “சொன்னன்தானே, எங்கட மருமகன்ட கோப்பி எண்டு” என்றார். எங்கட மருமகன். சபை நடுவில், சத்தமாக. றாஸிக்குக்கு ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல் உருண்டு விழுந்தது. அந்தச் சந்தோசத்தில் மறுபடி வாய் திறந்தான்.

“காலையில மெஷின் ஓடல்ல” என்று சபியா உம்மாவிடம் சொன்னான். “மாமா காத்து எண்டார். நான் அப்பவே சொல்லிட்டன், தண்ணிதான் காரணமெண்டு. இந்தக் கிணத்துத் தண்ணிய மாத்தி நல்ல தண்ணி ஊத்தினன், அடுத்த நிமிசம் ஓடிட்டு.”

மாமா தாடியைத் தடவினார். திரை அசைந்தது.

“தண்ணி எண்டதும்தான் ஞாபகம் வருது” என்று சபியா உம்மா பையைத் திறந்து ஒரு வெறும் போத்தலை எடுத்தார். “முந்தாநாள் இஞ்ச வந்து மக்காவில இருந்து வந்த ஸம்ஸம் தண்ணி குடிச்சிட்டுப் போனன்தானே. அல்லாஹ்ட காவல், ரெண்டு வருசமா மடங்காத முழங்கால் அண்டைக்கு ராவே மடங்கிட்டு! எனக்கு இதுக்குள்ள கொஞ்சம் ஊத்தித் தாங்க தம்பி.”

“அதுக்கென்ன ராத்தா. சஹ்லா! உம்மா வெச்சிரிக்கிற எடத்தில ஸம்ஸம் இரிக்கும், எடுத்திட்டு வாங்க புள்ள” என்றார் மாமா.

சஹ்லா பின் அறைக்குப் போனாள். றாஸிக் வெறும் கோப்பைகளைக் குசினியில் வைக்கும்போது அவள் திரும்பி வந்தாள். கையில் அந்த வெள்ளைக் கேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

“இஞ்சருங்க” என்றாள். “இதுக்குள்ள இருந்த தண்ணி எங்க?”

“அதா? அதத்தானே மெஷினுக்கு...” றாஸிக் நிறுத்தினான். “ஏன் புள்ள? அது கடைத் தண்ணிதானே?”

“இது ஸம்ஸம் கேன்! மக்காவில இருந்து கொண்டு வந்த போத்தல வெளிய வெச்சா ஆக்கள் முழுசையும் கேப்பாங்க எண்டு, உம்மாதான் இதுக்குள்ள ஊத்தி மறைச்சி வெச்சவ.”

றாஸிக் கையிலிருந்த கோப்பையை வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினான். இப்போது கலண்டர் சரியாக அவன் கண் மட்டத்துக்கு இருந்தது. இன்றைய திகதி நன்றாகத் தெரிந்தது.

மூன்று தாங்கி. தேசிக்காய்ப் புளிப்புப் போகவென்று மூன்று தாங்கி ஸம்ஸம் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்டியிருக்கிறான். மிச்சத்தை ஒன்பது பேர் கோப்பியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கிழவர்கள் மக்காவிலிருந்து கைவலிக்கத் தூக்கிவந்தது. இனிக் கேட்பவர்களுக்கு எதைக் கொடுப்பது?

அந்த இடத்தில் ஷைத்தான் மெல்ல ஒரு யோசனை சொன்னான். கிணறு பத்தடியில் இருக்கிறது. கேனை நிரப்பிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

“அஸ்தக்ஃபிருல்லாஹ்” என்று றாஸிக் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டான். ஐந்து நேரத் தொழுகை தவறாத வீடு இது. இந்த வீட்டில் அப்படி ஒரு நினைப்பு வந்த முதல் ஆள் நான்தான் என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

“ஸுல்பிகா! போத்தல் கொண்டந்திரிக்கன்” என்று ஹோலிலிருந்து சபியா உம்மாவின் குரல் கேட்டது.

றாஸிக் எழும்பினான். வெறும் கேனைச் சஹ்லாவின் கையிலிருந்து வாங்கினான். போனால் மருதமுனைக்குப் போகலாம். சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. மெஷினையும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பொய் சொல்லிக்கொண்டு இந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட முடியாது. திரைக்கு முன்னால் போய் நின்றான்.

“மாமி” என்றான். ஏழு மாதத்தில் முதல் தடவை. “சஹ்லாக்கிட்டச் சொல்லி அனுப்புற கதையில்ல இது. நான் பெரிய பிழை விட்டிட்டன். இதுக்குள்ள இருந்த ஸம்ஸத்த நான்தான் தெரியாம மெஷினுக்கு ஊத்திட்டன். கிணத்தையும் குத்தம் சொல்லி, வாய்க்கு வந்ததையெல்லாம் கதைச்சி... என்ன மன்னிச்சிக்கங்க மாமி.”

திரை அசையவில்லை. ஹோலில் ஹாதிக் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சஹ்லா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு திரை விலகியது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஹோல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். றாஸிக்கின் கையிலிருந்த கேனை மெதுவாக வாங்கிக்கொண்டு, பின் கதவைத் திறந்து, கிணற்றடிப் படியில் ஒரு காலை வைத்தார். திரும்பி, மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“சத்தம் போடாதீங்க மகன். ஸம்ஸம் போன கிழமையே முடிஞ்சிட்டு. இதுக்குள்ள இருந்தது நம்மட கிணத்துத் தண்ணிதான்.”